அயோடேட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார்

உப்பு வெள்ளையாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், "யாரு சொன்னது?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் மரக்காணத்தில் எங்கள் அயோடேட்டுக்காரர்தான். இந்தப் பூமியில் பிறந்த அத்தனை பேரும் எதையோ ஒளித்துவைத்துக்கொண்டுதான் திரிகிறார்கள் என்பது அவருடைய தீர்மானம். அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் அந்த உப்பு பாக்கெட் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்தவரை, அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை நானே கேட்டுப் பார்த்தேன். "எதுக்குக் கேக்கற?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அவர் பொறுப்பில் இருந்தது பொட்டாசியம் அயோடேட். கடையில் அயோடின் உப்பு என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதில் அயோடினுக்காகச் சேர்ப்பது இந்தச் சரக்கைத்தான். பார்த்தால் தூள் உப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் கரைத்து, பெல்ட்டில் ஓடிவரும் உப்பின் மேல் ஸ்பிரே பண்ணுவார்கள். ஒரு மூட்டை உப்புக்கு அரை டீஸ்பூன் தூள் இருந்தால் தாராளம். அயோடைடு என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கும் வெயிலுக்கும் அது உப்பில் தங்காமல் ஓடிவிடும். அயோடேட் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இங்கே இதற்கு மரியாதை.

ஆனால் இது சாது கிடையாது. தானாக எரியாது, சரி. தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனைத் தூக்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து அவனை எரியவிட்டுவிடும். எண்ணெய், மரத்தூள், கரி, சர்க்கரை, கந்தகம் எதுவும் கிட்டே வரக்கூடாது. அயோடேட் வரும் டிரம்மின் மேல் ஒரு வட்டமும், வட்டத்தின் தலையில் தீ எரிவதுமாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் காட்டி அயோடேட்டுக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"நம்ம ஜனங்கள்லயே இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்கல்ல? தான் எரியமாட்டான். பக்கத்து ஊட்டைக் கொளுத்தி உட்டுட்டு நல்லவனாட்டம் நிப்பான்."

சொல்லிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அயோடேட் ரூம் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று அவர் வீட்டம்மாவே சொல்லியிருக்கிறது. ரூம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் சட்டைப்பையை மோந்து பார்ப்பார். பீடி வாசனை வந்தால் முடிந்தது கதை. முதலாளியின் மச்சான் ஒருநாள் வாயில் பீடியோடு அந்தப் பக்கம் வந்துவிட்டார். "யோவ், நான் யாரு தெரியுமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், ஸ்டூல் பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது.

"தெரியும். அதனாலதான் முழுக்குடம்" என்றார் நம் ஆள்.

லேபரட்டரியில் மற்ற ரசாயனங்களின் வீரியத்தை அளக்க அயோடேட் உதவும், மாட்டுத்தீவனத்தில் கலப்பார்கள், சில நாடுகளில் ரொட்டி மாவு நன்றாக எழும்பி வருவதற்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்காரனுக்கு நிம்மதி போயிற்று. பன் கொஞ்சம் உப்பலாக இருந்தால் போதும், "இது எப்பிடிப்பா இவ்ளோ எழும்பி இருக்குது? உண்மையச் சொல்லு, எங்க ரூம்லேர்ந்து யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று கல்லாவிலேயே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

பொம்மையார்பாளையத்துக் கல்யாணக் கூத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு மருந்து உண்டு. உப்பின் மேல் விட்டால், அயோடேட் இருந்தால் கருநீலமாக மாறும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். அந்த பாட்டில் எப்போதும் அவர் பையில் இருக்கும். பந்தியில் இலை போட்டு ஓரத்தில் உப்பு வைத்ததும், நம் ஆள் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டார். உப்பு நாவல்பழ நிறத்துக்கு மாறியது. பக்கத்து இலைக்காரர் பார்த்துவிட்டு, "ஐயையோ, சோத்துல விஷம்!" என்று கத்தினார். பந்தி மொத்தமும் எழுந்து ஓடியது. மாப்பிள்ளையும் ஓடினார். நம் ஆள் மட்டும் உட்கார்ந்து, "நல்ல உப்புதான்பா, சாம்பார ஊத்து" என்றார்.

அவருடைய சந்தேகத்தில் பெரும் பங்கு அஞ்சலைக்குத்தான் கிடைத்தது. ஸ்பிரே மிஷினைப் பார்த்துக்கொள்வது அஞ்சலை. புருஷன் கடலுக்குப் போய் முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடந்தான். இரண்டு பெண்பிள்ளைகள் ஸ்கூலில் படித்தார்கள். மழை பிடித்தால் உப்பளத்தில் யாருக்கும் வேலை இருக்காது, எங்கள் ஷெட்டில் மட்டும்தான் இருக்கும். அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதற்கெல்லாம் இரக்கப்படுகிற ஆளா இவர்?

"தலையில எண்ணெய் வெச்சிருக்கியா? அயோடேட் பக்கம் எண்ணெய் ஆகாது."

"உன் ரூமுக்குள்ள நான் எங்கண்ணா தலையை நீட்டினேன்?"

"நீட்டலாம்னு இருக்கியா?"

இது தினப்படி நடக்கும். கரைசல் கலக்கும்போது அவள் பின்னாலேயே நிற்பார். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே எழுந்து போவார். அஞ்சலை என்னிடம் வந்து, "இந்த ஆளு பார்வையிலயே நான் திருடியாய்டுவேன் போல இருக்குதுண்ணா" என்று அழுதிருக்கிறாள்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசை காலையில் பெல்ட்டில் வரும் முதல் உப்பை ஒரு தட்டில் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். எலுமிச்சம்பழத்தை எடுத்து மிஷினைச் சுற்றித் திருஷ்டி கழித்து, அறுத்து, அந்தத் தட்டிலேயே பிழிந்துவிட்டு மூடிகளை வெளியே வீசுவார். அப்படி ஒரு அமாவாசையன்று, எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனியிலிருந்து செக்கிங்குக்கு ஒரு பெண் வந்தது. லாரி தயாராக நிற்கிறது. முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக அந்தச் சாமி தட்டையே கொண்டுவந்து நீட்டினார்.

"இதுலயே பாருங்க மேடம். ராசியான தட்டு."

அந்தப் பெண் ஒரு சொட்டு விட்டது. உப்பு வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு சொட்டு. வெள்ளைதான்.

"இதுல அயோடினே இல்லையே சார். இந்த லோடை எடுக்க முடியாது."

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. அப்படியே அஞ்சலை பக்கம் திரும்பினார். "ஸ்பிரேயைப் போடாம தூங்கிக்கினு இருந்தியா? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

"சத்தியமா போட்டேங்க" என்றாள் அஞ்சலை. நாங்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்தாற்போல அயோடேட்டுக்காரரைப் பார்த்தோம். இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தார், ஒரே போடாகப் போட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து காதைச் சொறிந்துகொண்டார்.

"அது ஸ்பிரே போட்டுதுங்க."

"உனக்கெப்பிடி தெரியும்?"

"காலையிலேர்ந்து நான் கண்ணையே எடுக்கலங்க. டீக்குக்கூடப் போவல. இது மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். எப்ப தப்பு பண்ணும், கையும் களவுமா புடிக்கலாம்னு பாத்துக்கினே இருக்கேன். பண்ணவே மாட்டேங்குது."

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப யாரு மேலதான்யா உனக்குச் சந்தேகம்?"

"உங்க மேலதாங்க. காலையில மிஷினச் சுத்திச் சுத்தி வந்து, அந்தத் தட்டுல இன்னாமோ ஊத்துனீங்களே. இன்னாது அது?"

"யோவ், எலுமிச்சம்பழம்யா! திருஷ்டிக்கு!"

"அத நீங்க சொல்றீங்க. யாரு கண்டது?"

செக்கிங் பெண் சட்டென்று நிமிர்ந்தது. அடுக்கியிருந்த பாக்கெட்டில் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி அதில் ஒரு சொட்டு விட்டது. கருநீலம்! சாமி படத்துக்கு முன்னால் இருந்த இன்னொரு பழத்தை அறுத்து அந்த நீலத்தின் மேலேயே பிழிந்தது. நீலம் எங்கள் கண்ணெதிரிலேயே கரைந்து காணாமல் போயிற்று.

"எலுமிச்சையில வைட்டமின் சி இருக்குது சார். அயோடேட் தன்கிட்ட இருக்கற ஆக்சிஜனை அதுக்குக் குடுத்துடும். அப்புறம் சொட்டு விட்டா எப்பிடி நீலம் வரும்?" என்று சிரித்தது. நாலைந்து பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, லோடை எடுத்துக்கொண்டது.

"சரி சரி, போய் வேலையப் பாரு" என்று முதலாளி அஞ்சலையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மன்னிப்புக் கேட்கும் லட்சணம் அவ்வளவுதான். நம் ஆளுக்கு இதிலும் திருப்தியில்லை. "அந்தப் பொண்ணு பாட்டில்ல இன்னா இருந்துச்சுன்னு நம்மகிட்ட காட்டவே இல்ல, பாத்தியா?" என்று என் காதைக் கடித்தார்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். "நல்லா இருப்பண்ணா நீ."

"போ போ. இன்னிக்கி ஒருநாள் ஒழுங்கா இருந்துட்டா முடிஞ்சுதா? நாளைக்கும் பாப்பேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

இப்போது அவர் வேலையை விட்டுவிட்டு வானூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் அந்தக் கம்பெனியில் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அஞ்சலை ஸ்பிரே மிஷின் பக்கத்தில்தான் நின்றாள். அயோடேட் ரூமுக்கு வந்திருக்கும் புது ஆள் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல மாதிரிதாண்ணா. ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு, போனை விட்டுட்டு நிமிந்தே பாக்கமாட்டாரு. எனக்குத்தான் பயமா இருக்குது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, இவ வேலை செஞ்சான்னு சொல்றதுக்கு ஆள் இல்லையே."

எங்களை அவ்வளவு அக்கறையாகச் சந்தேகப்பட அந்த மனிதர் இன்னும் கொஞ்ச காலம் அங்கே இருந்திருக்கலாம்.