ரசமட்டத்தார் அறுத்த கதிரை

வன்னிப் பெருநிலத்தில் அடுத்தவனுடைய மடியின் சரிவை அளந்து பார்த்த ஒரே மனிதர் ரசமட்டத்தார்தான். அந்த மடி என்னுடையது. ஆகவே ஆத்திரப்பட எனக்கு முழு உரிமை உண்டு.

அவர் மேசன். கிளிநொச்சியில் குடியேற்றத்திட்ட வீடுகளுக்குச் சுவர் எழுப்ப வந்தவர். கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடும் ரசமட்டம் ஒன்று எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும், அதுவே பெயராயிற்று. தேநீர்க்கடை வாங்குப் பலகையில் அதை வைத்துப் பார்த்து, காலுக்கடியில் ஓட்டுத்துண்டு செருகாமல் ஒரு மிடறு குடிக்கமாட்டார். ஒரு கலியாணத்தில் மணவறை சரிவென்று மாப்பிள்ளையையே எழுப்பிவிட்டார். முகூர்த்தம் போகுதென்று ஐயர் பதறினார்.

"முகூர்த்தம் போனால் இன்னொண்டு வரும் ஐயா. சரிவு தானாய்ப் போகாது."

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன். கொழும்பில் வாங்கிய கிற்றார் ஒன்று வைத்திருந்தேன். மடியில் கிடத்தி, கம்பிகளின்மேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிப்பது. கிற்றாரின் வயிற்றுக்குள் அலுமினியத் தட்டு இருப்பதால் ஒலிபெருக்கியே தேவையில்லை. பரந்தனில் சங்கக்கடைத் திறப்புவிழாவுக்குக் கால் மணிநேரம் வாசிக்கிறேன் என்று மார்தட்டி ஏற்றிருந்தேன். ஆனால் மூன்றாம் நிமிடத்தில் என் இடக்கை விறைத்துவிடும், கட்டை கம்பியில் கிறீச்சிடும். இது எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

நான் தங்கியிருந்த விடுதியின் விறாந்தைக்குச் சீமெந்து பூச வந்த ரசமட்டத்தாருக்கும் தெரிந்துபோயிற்று.

"தம்பி, நீங்கள் அதை வாசிக்கேல்லை. விழாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்."

"அண்ணைக்குச் சங்கீதம் தெரியுமோ?"

"தெரியாது. சரிவு தெரியும்."

சொன்னவர் கிற்றாரின்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி என் வயிற்றுப் பக்கம் ஓடி ஒதுங்கியது.

"கதிரை உயரம், உங்கட கால் கட்டை. மடி முழங்கால் பக்கம் சறுக்குது. அதைத் தடுக்கத்தான் இடக்கை அமத்துது. சுவர் பூசேக்கை நாங்கள் சாந்தகப்பையை அமத்திறேல்லை. மணிக்கட்டு நேராய்க் கிடக்கும், தோள்தான் போய்வரும்."

படித்து உத்தியோகம் பார்க்கும் ஒருவனைக் கட்டையன் என்று சொல்லிவிட்டு மனிதர் பூச்சு வேலைக்குத் திரும்பினார். அதோடு விட்டாரா? நான் கந்தோருக்குப் போய்த் திரும்புவதற்குள் கதிரையின் நாலு காலிலும் மூன்று விரற்கடை அறுத்துப் போட்டிருந்தார். அது அரசாங்கக் கதிரை. முன்காலில் வெள்ளைப் பூச்சால் எழுதிய இலக்கமும் துண்டோடு போய்விட்டது.

"அரசாங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"இருந்து பாக்கச் சொல்லுங்கோ."

அரசாங்கம் இருக்கட்டும், நானே அதில் உட்காரவில்லை. அவரோடு கதைப்பதையும் நிறுத்தினேன்.

விழாமேடையில் பிரமுகர்களுக்கென்று போட்ட உயர்ந்த கதிரையில் ஏறிக்கொண்டேன். முதல் நிமிடம் அருமை. இரண்டாவது சுமார். மூன்றாவதில் கை விறைத்தது.

"ஆரோ பானை சுரண்டுகினம்" என்றார் முன்வரிசைக் கிழவர். சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று. எழுந்து ஓட வழி தேடியபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலையில் ஒரு கதிரையோடு ரசமட்டத்தார் வந்தார். என் விறாந்தையில் கிடந்ததைக் கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எழும்புங்கோ."

எழும்பினேன். அந்தக் குட்டைக் கதிரையில் உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் நிலத்தில் பதிந்தன; கிற்றார் மேசைபோல் அசையாமல் கிடந்தது. பிடிக்க ஒன்றுமில்லாத இடக்கை, கட்டையை இலேசாகத் தொட்டுக்கொண்டு தோளிலிருந்து போய்வந்தது. கட்டைக்குப் பின்னாலிருந்த விரல்கள் தாமாகவே கம்பியில் சாய்ந்தன. கால் மணிநேரம் முடிந்ததே தெரியவில்லை.

கைதட்டலுக்குள் அவரைத் தேடினேன். ஒரு சுரமாவது கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? பந்தல்கால் ஒன்றை ஒற்றைக்கண்ணால் முறைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கந்தோர்த் தளபாடங்களைச் சரிபார்க்க வந்தவர்கள், இலக்கமில்லாத கதிரை தங்களுடையதல்ல என்று தள்ளிவிட்டார்கள். மாற்றலாகி வந்தபோது அது என்னோடு வந்துவிட்டது. ரசமட்டத்தார் விசுவமடுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். கட்டையன் என்று சொன்னதை நான் மன்னிக்கவில்லை. கிற்றாரை எடுக்கிற ஒவ்வொரு நாளும் அவரைத் திட்டுகிறேன், அந்தக் கதிரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு.