பெத்திரின் கேசட்டுக்கு ஒரு சவுண்ட் கார்டு

க்லாத்தென்,
ஞாயிறு காலை

சுரபாயாவில் மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கும் மைத்துனன் ஹர்தோனோவுக்கு, அத்தான் சுகிர்மான் எழுதுவது. இங்கே நானும் கூண்டில் இருக்கும் சோலைபாடிக் குஞ்சும் நலம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுநடுவே சிரிப்பாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். ஆகவே கடிதம்.

என் லேப்டாப்புக்கு வெளியே மாட்டுகிற சவுண்ட் கார்டு ஒன்று நீ பார்த்து வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே நான் வாங்கியவை இரண்டு, இரண்டும் என் மானத்தை வாங்கின.

பறவைப் பாட்டுப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை தூக்கிய என் பழைய சோலைபாடி பெத்திரை உனக்கு நினைவிருக்கும். அது பாடியதில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேசட். கூண்டைத் துணியால் மூடி, கெட்டிக்காரப் பறவையின் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால்தான் குஞ்சுக்குப் பாட்டு படியும் என்று உனக்குத் தெரியாததா? இரண்டு மாதமாக என் புதுக் குஞ்சுக்குக் காலையும் மாலையும் இந்தக் கேசட்தான். நாடா இளைத்துப்போய் இப்போது பெத்திர் சளி பிடித்தமாதிரி பாடுகிறது. அறுந்து தொலைவதற்குள் லேப்டாப்பில் ஏற்றிவிட வேண்டும், ஆனால் லேப்டாப்பில் இருப்பதோ ஹெட்போனுக்கான ஒற்றை ஓட்டை. கடைக்காரன், "இந்தக் குச்சியை யூஎஸ்பில சொருகுங்க பாக் சுகிர்மான், அப்புறம் பாருங்க" என்றான். பார்த்தேன். மைக் மாட்டும் ஓட்டையில் டேப் ரிக்கார்டரை மாட்டியதில் பெத்திர் அலறிய அலறலுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிறையப் பொத்தான் இருந்தால் உசத்தியான சரக்கு என்று நம்பி இன்னொன்று வாங்கினேன். அது போன் முன்னால் நின்று ஊருக்கே பாடிக் காட்டுகிற பிள்ளைகளுக்கானதாம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நம் பறவைச் சங்கத்துத் துக்கிமின் வந்தார். "என்ன பாக் இது, மினுமினுங்குது?" என்று ஒன்றை அமுக்கினார். கைதட்டல். அதை நிறுத்தப்போய் நான் வேறொன்றை அமுக்க, பத்துப் பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அத்தனையும் பெத்திர் பாட்டின் மேலேயே ஏறிவிட்டது.

லேப்டாப்பில் ஏறியதை அழித்துவிட்டுக் கேசட்டை மறுபடி ஓடவிட்டபோது துக்கிமின் காதைத் தீட்டிக்கொண்டார். "நடுவுல யாரோ கிளாஸைத் தட்டுறாங்க. பொம்பளைக் குரல் வேற கேக்குது. எல்லாம் குப்பை, முதல்ல வெட்டித் தூக்குங்க. குஞ்சு இதைப் பிடிச்சுக்கிச்சுன்னா போட்டியில நடுவர் நம்ம கூண்டுக்குக் கீழே மார்க்குக் கொடியே ஊன்ற மாட்டாரு." சங்கத்தில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

அந்தக் குப்பை உன் அக்கா, ஹர்தோனோ.

பெத்திரைப் பதிவு செய்த அன்றைக்கு வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுக் கூண்டடியில் உட்கார்ந்திருந்தேன். லஸ்திரி அடுப்படியிலிருந்து, எப்போதும்போல, ஸ்பூனால் கிளாஸில் மூன்று தட்டு தட்டி என்னைக் கூப்பிட்டாள். "பாக்னே, டீ ஆறுது." மறுபடி மூன்று தட்டு. "பெத்திர் கூப்பிட்டா மட்டும் காது கேக்கும். நான் கூப்பிட்டா கேக்காது, இல்ல?" அதோடு ஒரு சிரிப்பு. பதிவு கெட்டுவிட்டதென்று நான், பெரிய மனுஷன், மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் போய் இரண்டு வருடமாகிறது. போட்டோ வீடு பூராவும் இருக்கிறது, குரல் இந்த நாடாவில் மட்டும்தான். சங்கத்தில் பறவைக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன். உன்னிடம் எதற்கு மறைக்க? பெத்திர் எக்கேடோ கெடட்டும். எனக்கு அவள் குரல் வேண்டும்.

அதனால் டேப் ரிக்கார்டர் ஒயரை நேராக மாட்டுகிற ஓட்டை இருக்கிறதாகப் பார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு போதும். இரைச்சலைத் தானாகவே நீக்குகிற புத்திசாலித்தனம் எதுவும் அதற்கு இருக்கக் கூடாது; இந்தப் பொத்தான் பெட்டி அப்படித்தான் லேப்டாப்பில் ஏற்றும்போது கிளாஸ் சத்தத்தையும் அவள் குரலையும் விழுங்கிவிடுகிறது. சிரிப்புப் பொத்தான் இருந்தால் உன் வீட்டிலேயே வைத்துக்கொள்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் படித்துத் தேறட்டும், உன் முதுகுவலி உன்னை விட்டு எங்காவது ஊர் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சுகிர்மான்

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று கேசட்டைப் போட்டேன். நாடா உள்ளே சுற்றிக்கொண்டு, கசங்கி, துண்டு துண்டாகிவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், யாரிடமும் சொல்லாதே. அப்போது மூடியிருந்த கூண்டுக்குள்ளிருந்து டிங், டிங், டிங் என்று மூன்று தட்டு. ஸ்பூன், கிளாஸ், அவள் தட்டுகிற அதே வேகம். குஞ்சு கெட்டுவிட்டது, இனி எந்தப் போட்டிக்கும் ஆகாது. நான் "இதோ வந்துட்டேன்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு அடுப்படிவரை போய்விட்டேன். அங்கே தேயிலை டப்பா காலி. ஆகவே சவுண்ட் கார்டு வேண்டாம். லஸ்திரி வாங்குவாளே, அந்த மல்லிகைத் தேயிலை, அதை அனுப்பு.