கலியனுக்காக அழ ஓர் ஆள்

கலியன் செத்து நாலு நாளாகியும் ஒருத்தர்கூட அழவில்லை. அதில் அதிகம் மனம் நொந்தது கலியன்தான். பிள்ளையார்பாளையத்து வீட்டில், தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி, நெய்யவும் முடியாமல் தெருவில் தலை காட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் ஒரு காக்கை செய்த வேலை. கிணற்றடியில் குனிந்தவன் உச்சந்தலையில் அடித்துவிட்டுப் பறந்தது. காக்கை தலையில் அடித்தால் சனி கூப்பிடுகிறான் என்று அர்த்தம். பரிகாரம் ஊரறிந்தது: ஆள் செத்துப்போனதாக உறவுக்குக் கடுதாசி போட வேண்டும். அதை நம்பி ஒரே ஒருத்தர் மனசார அழுதால் போதும், சாவு வந்து திரும்பிவிடும். அழும்வரை ஆள் உயிரோடிருப்பது தெரியக்கூடாது. ஆடி அமாவாசைக்குள் அழுதாக வேண்டும் என்று ஜோசியர் கெடு வைத்துவிட்டார். விஷயம் தெரிந்த பெண்டாட்டி செல்லியம்மாள் அழுதால் செல்லாது.

'திருத்தணிக்குப் போன இடத்தில் வாந்திபேதி, அங்கேயே அடக்கம்' என்று மூலையில் கறுப்பு தடவிய கார்டு முதலில் வாலாஜாபாத் மைத்துனனுக்குப் போனது. அவன் நேரிலேயே வந்தான். கலியன் பரண்மேல் ஏறிக்கொண்டான். வந்தவன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான், தறியை முழம்போட்டு அளந்தான், ஆளில்லாத தறி என்று நூல் கொடுக்கும் முதலாளி காதில் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் முதலாளியின் ஆள் வந்து, தறியில் பாதி நெய்திருந்த பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த கார்டு செவிலிமேட்டு அக்காள் எல்லம்மாளுக்கு. அவள் தெருமுனையிலேயே மாரடிக்க ஆரம்பித்தாள். பரணில் கலியனுக்கு உயிர் வந்தது. ஒப்பாரிக்கு நடுவே பித்தளை அண்டா யாருக்கு என்று விசாரித்தாள்.

அவள் போனதும் கலியன் கேட்டான். "கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"அண்டாவைப் பார்த்தப்போ வாயிலதான் ஊறிச்சு," என்றாள் செல்லியம்மாள்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. கலியன் யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னான்:

"எனக்குன்னு நெஜமா அழறவன் ஒருத்தன் இருக்கான். பரசுராமன்."

சாயப்பட்டறைக்காரர் மகன் பரசுராமன். பள்ளிக்கூடத்தில் கலியனுக்குப் பிரம்படி விழும். பக்கத்திலிருந்த பரசுராமன் அழுவான். சத்தமே வராது, மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்வான். ஒருத்தனை அடித்தால் இரண்டு பேர் திருந்துகிறார்கள் என்று வாத்தியாருக்கு ஏக திருப்தி. அப்படிப்பட்டவன் படித்து, திண்டிவனம் பக்கத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆனான். வாந்திபேதி கண்ட ஊர்களில் கிணற்றுக்கு மருந்து போடப் போனால் ஜனங்கள் கல்லெறிவார்களாம். எறிந்த கைகள் விறைத்துக் கிடக்கும்போது, எடுக்க ஆளில்லாத பிணத்தை அவனே தூக்கிப்போய் அடக்கம் செய்து, அழுதுவிட்டு வருவானாம். கலியன் அவனைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. தான் செத்தபிறகுதான் ஒரு கார்டு போடத் தோன்றியதே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அமாவாசையன்று உச்சிவேளை. தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்காமல், எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுகொண்டது. காக்கிக் கோட்டோடு ஒருவர் உள்ளே வந்து தறியருகே உட்கார்ந்தார். மருந்து வாடை வீட்டை நிறைத்தது. செல்லியம்மாள் நீட்டிய மோரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். வெறும் தறியைப் பார்த்தார். சத்தமில்லாமல் அழுதார். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பரணிலிருந்து கலியன் குதித்தான்.

"டேய் பரசு, நான் சாவலடா. உசிரோடதான் இருக்கேன். காக்கா அடிச்ச தோஷம், அதுக்குத்தான் கார்டு போட்டேன்."

பரசுராமன் திடுக்கிடவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னும் அதிகமாக அழுதான்.

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான்டா சொல்றாங்க," என்றான். கோட்டை உதறிக்கொண்டு எழுந்து வெயிலில் இறங்கிப் போய்விட்டான். மோர் வைத்தபடியே இருந்தது.

கலியனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கவர்மெண்டு உத்தியோகம் மனுசனை இன்னா பண்ணிடுச்சு பாரு. செத்தவனே எதிர்ல நின்னு இல்லைன்னு சொன்னாலும், கார்டுல இருக்கறதைத்தான் நம்பறான்."

செல்லியம்மாள் சிரிக்கவில்லை. மோரைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஊற்றினாள்.

தோஷம் தொலைந்தது. கலியன் தெருவெல்லாம் சுற்றி வந்தான். முதலாளி காலில் விழுந்து புதுப் பாவு வாங்கிப் பூட்டினான். மூன்றாம் நாள் தறியில் நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் யேசுதாஸ் வாசலில் வந்து நின்றார். கையில், மூலையில் கறுப்பு தடவிய அதே கார்டு.

"திரும்பிடுச்சுப்பா," என்றார். "நீ எழுதறதுக்கு முந்தின வாரமே அந்த இன்ஸ்பெக்டர் தவறிட்டாராம். வாந்திபேதி. செவப்பு மசியில எழுதி அனுப்பியிருக்காங்க, பாரு."

கலியன் கையிலிருந்த நாடா நழுவியது. "அது எப்படி? அமாவாசையன்னிக்கு இங்க உக்காந்து அழுதுட்டுப் போனான். இவளும் பார்த்தா."

யேசுதாஸ் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வந்திருக்கட்டும்பா. ஆனா இந்தக் கார்டு அவர் கைக்குப் போகவே இல்லையே. நீ செத்துட்டேன்னு அவருக்கு யாரு சொன்னது?"