பூட்டுப் போட்ட காதுகள்

"ஃபாதர், யாரோ உங்ககிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றது தெரியாத்தனமா நம்ம காதுல விழுந்துட்டா, வெளிய சொல்லலாமா?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வாயாடிச் சிறுமி ஒருத்தி ஒருமுறை இப்படிக் கேட்டாள்.

"கூடவே கூடாதும்மா. என் வாய்க்கு என்ன பூட்டோ, கேட்டவங்க வாய்க்கும் அதே பூட்டுதான்."

பாடகர் குழுவும், ஆர்கன் வாசிக்கும் மாஸ்டரும் தலையாட்டினார்கள். கோயில்பிள்ளை மட்டும் அந்த நேரம் பார்த்து விளக்குமாற்றைத் தேடப் போயிருந்தார். பிறகு வந்த வினையெல்லாம் அந்த விளக்குமாற்றால் வந்ததுதான்.

மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடம் துடைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்த காலர் மைக்கைச் சோதிக்கும் வேலையும் சேர்ந்தது. ஃபாதரின் அங்கியில் மைக்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தவரின் கண், அந்தோணியார் சுரூபத்தின் ஒட்டுப்போட்ட விரலில் போய் விழுந்தது. மூன்று வருடமாக உறுத்திய முள். அப்படியே முழங்காலிட்டார்.

"ஃபாதர், அந்த விரலை ஒடிச்சது நான்தான். தூசி தட்டறப்ப கை பட்டுருச்சு. ஆர்கனை நகர்த்தறப்ப மாஸ்டர்தான் இடிச்சிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமாம் போட்டுட்டேன்."

விரல் ஒடிந்த நாளிலிருந்து அந்த அப்பாவி மாஸ்டருக்கு 'விரல் மாஸ்டர்' என்றே பேர்.

ஃபாதர் நிதானமாகப் புத்தி சொல்லி, மன்னிப்பும் வழங்கினார். "மாஸ்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

பாரம் இறங்கி எழுந்தவரைப் பார்த்து மைக்கின் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

கோபுரத்தில் நான்கு ஒலிபெருக்கிகள்!

கோயில்பிள்ளை வெளியே ஓடினார். பூ அலங்கரிக்கும் அக்கா காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் பாடகர் குழு சத்தமில்லாமல் நின்றது. மாஸ்டர் பாட்டுத்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"அக்கா, ஸ்பீக்கர்ல ஏதாச்சும் கேட்டுச்சா?"

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல... விரல் கிரல்னு..."

"ஒண்ணும் கேக்கலையே தம்பி."

அதோடு விட்டிருக்கலாம். மடியில் கனம் இருந்தால் விட மனசு வருமா?

"கேட்டிருந்தாலும் தப்பா நினைக்காதீங்க. அது நாடக ஒத்திகை."

"நாடகமா! எப்ப போடறீங்க?"

"அ... அடுத்த ஞாயிறு."

சாயங்காலத்துக்குள் இளைஞர் குழு மேடைக்கு அளவெடுத்துவிட்டது. ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த ஒருவன் வந்து, "அண்ணே, நான் சுரூபமா அசையாம நிக்கிறேன்" என்றான்.

கோயில்பிள்ளை அவனை ஓரமாக இழுத்தார். "சுரூபம்னு உனக்கு யாருடா சொன்னா?"

"கோயில் நாடகத்துல சுரூபம் இல்லாமலா அண்ணே?"

வீட்டில் மனைவி விடவில்லை. "குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்க வராது. நடிக்க மட்டும் வந்துருமாக்கும்?"

ஃபாதரிடம் ஓடினார். "ஃபாதர், அன்னைக்கு நான் சொன்னது வெளிய கேட்டிருக்குமா?"

ஃபாதர் கூரையைப் பார்த்தார். "நாடகம் நல்லா வரட்டும்" என்றார். பூட்டுன்னா பூட்டுதான்.

புதன்கிழமை தாங்க முடியாமல் ஆர்கன் மாடிக்கு ஏறினார். மாஸ்டர் தன் ஸ்டூலில் ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு கால் குட்டை. சரிசெய்து தரச்சொல்லி அவர் எத்தனையோ முறை கேட்டாயிற்று. கோயில்பிள்ளை 'நாளைக்கு, நாளைக்கு' என்றே நாளைக் கடத்தியிருந்தார். மாஸ்டர் முகத்தைப் பார்க்க அத்தனை கூச்சம்.

"மாஸ்டர், அந்த விரலை ஒடிச்சது... நான்தான்."

"அடடே! அப்படியா!" மாஸ்டர் ரொம்பக் கஷ்டப்பட்டு ஆச்சரியப்பட்டார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உங்க பேரு கெட்டுப் போச்சே."

"விடுய்யா. இப்பல்லாம் யாரும் என்னை அப்படிக் கூப்பிடறதில்ல. அந்த நாடகத்தை மட்டும் நிறுத்திடு. நீ மேடையில அழுதா ஜனங்க தாங்காது."

கோயில்பிள்ளை யோசித்துக்கொண்டே படியிறங்கினார். உண்மைதான். சனிக்கிழமையிலிருந்து ஒரு வாயிலும் 'விரல் மாஸ்டர்' வரவில்லை. அதெப்படி?

கீழ்ப்படியில் அந்த வாயாடிச் சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, சனிக்கிழமை ஸ்பீக்கர்ல உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல அங்கிள். யாருக்குமே எதுவும் கேக்கல. ஃபாதர் உங்களுக்கு மன்னிப்பு குடுக்கறதுக்குள்ள மாஸ்டர் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, 'எனக்கு எதுவும் கேக்கல'ன்னு மூணு தடவை சொல்ல வச்சாரு."

மறுநாள் மத்தியானம் கோயிலில் ஈ காக்கை இல்லை. ஆர்கன் மாடியில் கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஸ்டூலை அழுத்திப் பார்த்தார் கோயில்பிள்ளை. ஆடவில்லை. சுத்தியலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கியவர், அந்தோணியார் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நீங்களும் எதையும் பாக்கல, சரியா?"