புனித விசாலியுஸின் சுண்டுவிரல்

1999-ஆம் வருடம் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்தத் தெருவில் கடவுளே வந்திருந்தாலும் பார்க்கிங் கிடைத்திருக்காது. கிட்டுசாமியின் டவுன்ஹவுஸ் வாசலில் தொடங்கிய டொயோட்டா வரிசை அடுத்த தெரு வரை நீண்டிருந்தது. உள்ளே ஒரு எலும்பு இருந்தது. அதற்குத்தான் இத்தனை கூட்டம்.

சாதாரண எலும்பு என்று நினைத்துவிடாதீர்கள். புனித விசாலியுஸ் என்ற ஐரோப்பியத் துறவியின் சுண்டுவிரல். எண்ணூறு வருடத்துக்கு முன்னால், எல்லை தாண்டிப் போகிறவர்களுக்குக் காவலாக இருந்தவராம். இப்போது கிரீன் கார்டு வாங்கித் தருகிறாராம்.

"பேர்லயே விசா இருக்குது பாருங்க!" என்பார் கிட்டுசாமி.

எம்.எஸ். படித்தவர்கள், பிஎச்.டி. முடித்தவர்கள், புரோகிராமில் ஒரு கமா பிசகினால் மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் தேடுகிறவர்கள் எல்லோரும் "அட, ஆமாம்ல!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கிட்டுசாமி பொள்ளாச்சிக்காரர். ஊருக்குப் பேசும் போன் கார்டு விற்றுக்கொண்டிருந்தவர். போன கோடையில் பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பஸ் டூர் போனார். கூடப் போனவர்கள் சாக்லேட்டோடு திரும்பினார்கள். இவர் ஒரு வெள்ளிப் பேழையோடு திரும்பினார். மலைமேல் ஒரு மடத்தில் தொண்ணூறு வயதுத் துறவி இவரை மட்டும் தனியே அழைத்து, "உன் ஜனங்கள் காத்திருக்கிறார்கள், கொண்டு போ" என்று கொடுத்தாராம். எந்த மொழியில் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடும் அல்லவா?

பேழைக்கு மல்லிகைப்பூ சாத்திக் கற்பூரம் காட்டினார்கள். ஸ்மோக் அலாரம் அலறியது. அதையும் சகுனம் என்று கும்பிட்டார்கள்.

தாமரைச்செல்விக்குக் கணவனோடு இரண்டு வாரமாகப் பேச்சு சரியில்லை. காரணம் இந்த விரல்தான்.

அவள் கணவன் வாஞ்சிநாதன் ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் ஆள். கிரீன் கார்டு அப்ளிகேஷனுக்கு இன்னும் சில சான்றிதழ்கள் வேண்டும், ஜூன் முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று வக்கீல் கடிதம் போட்டிருந்தார். வாஞ்சிநாதன் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் ஒரு ஃபைலில் போட்டு, கிட்டுசாமியிடம் கொடுத்துவிட்டு வந்தான். புனிதரின் திருநாள் ஜூன் இருபது. அதுவரை ஃபைல் பேழைக்குக் கீழேயே இருக்கட்டும் என்று உத்தரவாம்.

"டெட்லைன் ஜூன் ஒண்ணுங்க!" என்றாள் அவள்.

"அவருக்குத் தெரியாதா? வக்கீல் லெட்டர் வந்ததை நான் வாயே தொறக்கல. பெட்டியைக் காதுல வச்சுக்கிட்டு அவரே சொல்லிட்டார். அது எப்படி? சொல்லு!"



கணவனைச் சார்ந்த டிபென்டன்ட் விசாவில் வந்தவள் தாமரைச்செல்வி. வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். கவுன்ட்டி காலேஜில் ஐரோப்பிய வரலாறு எடுத்திருந்தாள். "கம்ப்யூட்டர் எடுக்காம இது எதுக்கு? சோறு போடுமா?" என்று வாஞ்சிநாதன் அப்போதே சிரித்தான்.

அந்த வாரம் பாடம், திருச்சபை ஐரோப்பாவை எப்படி உருவாக்கியது என்பது. மடங்களில் ஏடுகளைப் பிரதி எடுத்துக் காப்பாற்றியது, பல்கலைக்கழகங்களை வளர்த்தது, இசையும் ஓவியமும் கோபுரங்களும் எழுந்தது எல்லாம் வந்தது. கூடவே எலும்புகளும் வந்தன. ஒரு புனிதரின் பல் வைத்திருந்த ஊருக்கு யாத்திரிகர்கள் குவிந்தார்களாம். பக்கத்து ஊர் அந்தப் பல்லைத் திருடியதாம். ஒரே புனிதருக்கு இரண்டு ஊரில் இரண்டு தலை இருந்ததாம். தாமரைச்செல்வி வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுத்த பக்கத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிற்காலத்தில் ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும் முன், அவருக்கு எதிராக வாதாடத் திருச்சபையே ஓர் ஆளை நியமித்ததாம். 'பிசாசின் வக்கீல்' என்று அவருக்குப் பட்டப் பெயர். அற்புதம் என்று யாராவது சொன்னால், "நிஜமா? யார் பார்த்தது?" என்று குடைவது அவர் வேலை.

'சர்ச்சே கேட்டிருக்கு. கிட்டுசாமி வீட்டு பேஸ்மென்ட்டுல ஒருத்தர்கூடக் கேக்கலையே' என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, "நானும் வர்றேங்க" என்றாள். மனைவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று வாஞ்சிநாதன் பூரித்துப் போனான்.

தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்டில் முதலில் டீ. கிட்டுசாமி அந்த அரை மணி நேரம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்வார். அவருடைய அக்கா ராமாத்தாள் பூப்போட்ட துணி விரித்த மேசையை விட்டு நகராமல் நின்று ஆளாளுக்கு டீ ஊற்றினாள்.

"வா கண்ணு, புதுசா? மொகமெல்லாம் வாடிக் கெடக்குதே, என்ன வெசனம்?"

இப்படி ஒரு குரலில் யாராவது கேட்டால் கல்லும் பேசும். தாமரைச்செல்வியும் பேசினாள்.

"என் தம்பி முகிலனை நெனச்சாத்தான் ஆன்ட்டி... டெக்சாஸ்ல, காப்பெல்ங்கிற ஊர்ல இருக்கான். மேனேஜர் பீட்டர்சன் அவன் கிரீன் கார்டு பேப்பர்ல கையெழுத்துப் போடாம இழுத்தடிக்கிறான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நானெதுக்குச் சொல்றேன் சாமி!"

அரை மணி கழித்து கிட்டுசாமி இறங்கி வந்தார். ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேழையைக் காதில் வைத்து, கண்ணை மூடினார். உதடு துடித்தது.

"பச்சைச் சுடிதார் போட்ட அம்மிணி... உங்க மனசுல ஒரு தம்பி இருக்கறாப்ல."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"டெக்சாஸ்... காப்பெல்... பீட்டர்சன்னு ஒரு தடை தெரியுதுங்க. கவலைப்படாதீங்க, புனிதர் நகர்த்திருவாரு!"

"ஆஹா!" என்று ஐம்பது வாய் ஒன்றாகத் திறந்தது. ஒரு வாய் மட்டும் திறந்தபடியே நின்றுவிட்டது. அது வாஞ்சிநாதனுடையது.

தாமரைச்செல்வி எழுந்தாள்.

"எனக்குத் தம்பி கிடையாதுங்க. எங்க வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு. காப்பெல்ல எனக்கு யாரையும் தெரியாது. பீட்டர்சனை இப்போதான் டீ குடிக்கும்போது நானே பெத்தேன்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கிட்டுசாமிக்கு மட்டும் புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"உங்களுக்கே தெரியாத தம்பியா இருக்குமுங்க. புனிதருக்குத் தெரியாத ரகசியமா?"

வாஞ்சிநாதன் துள்ளி எழுந்தான். "யோவ், என்னய்யா சொல்றே? என் மாமனாரையா சந்தேகப்படுறே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பேழையை உடைத்தது.

"ஒரு நிமிஷம்," என்றான் வாஞ்சிநாதன், தலையில் கை வைத்துக்கொண்டு. "வக்கீல் லெட்டரைப் பத்தி... நானும் ஆன்ட்டிகிட்ட டீ குடிக்கிறப்போ சொன்னேனே!"

முன்வரிசையில் இருந்த சேனாபதி மெதுவாகக் கை தூக்கினார். போன மாதம் புனிதர் தன் மாமியாரின் முழங்கால் வலியைக் கண்டுபிடித்ததாக ஊர் முழுக்கச் சொன்னவர். "நானும் ஆன்ட்டிகிட்டதான் சொன்னேன். இஞ்சி டீ அன்னிக்கு."

"நானும்." "நானும்தாங்க."

தாமரைச்செல்வி மேசைக்குப் போய்ப் பூப்போட்ட துணியைத் தூக்கினாள். அடியில் ஒரு பேபி மானிட்டர் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கும் கருவி. அந்த வீட்டில் குழந்தை இல்லை. ஐம்பது பேர் ஞாயிறுதோறும் வந்து அழுதார்கள், மாடியில் கேட்டது.

ராமாத்தாள் அவசரமாகக் கெட்டிலைக் கழுவப் போனாள்.

"அப்போ அந்த எலும்பு?" என்று சேனாபதி பரிதாபமாகக் கேட்டார்.

கிட்டுசாமி கூரையைப் பார்த்தார். "பெட்டி நெசமாலுமே ஏர்போர்ட்ல வாங்கினதுங்க," என்றார். எலும்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

வாஞ்சிநாதன் பேழையைத் தள்ளிவிட்டு ஃபைலை உருவினான். காரில் ஏறினான். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, "அந்த ஹிஸ்டரி கிளாஸ் அடுத்த செமஸ்டரும் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"எடு."

திங்கட்கிழமை காலையில் இருவருமாகப் போய்ச் சான்றிதழ்களைத் தபாலில் சேர்த்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற சேனாபதி, தாமரைச்செல்வியின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, அவர் ஃபிராடு, சரி. நீ படிச்ச புஸ்தகத்துல நிஜமாவே பவர் உள்ள புனிதர் யாராவது இருந்தா சொல்லேன். என் கிரீன் கார்டுக்கான லேபர் சர்டிபிகேஷன் ரொம்ப நாளா நிக்குது."

அவள் அவர் கையிலிருந்த கவரைப் பார்த்தாள். தபால்தலை இல்லை.

"முதல்ல கவர்மேல தலையை ஒட்டுங்க அங்கிள்," என்றாள். "அப்புறம் கழுத்துமேல ஏற்கெனவே ஒண்ணு ஒட்டியிருக்கு பாருங்க, அதையும் அப்பப்போ உபயோகிங்க."