திருப்திகரமான சுவர்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுதலாம் என்றால் என் மகள் சுண்டெலி பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். சாயங்காலம் எழுதலாம் என்றால் என் மாமியார் தோளுக்கு மேலே நின்று படித்து, நடுவில் திருத்தமும் சொல்வார். இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். வீட்டில் என்னோடு விழித்திருப்பது கூரை மட்டும்தான். வெளியே மழை. கூரை தன் பங்குக்கு வாளிக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. தாங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். தங்கள் இடுப்பு வலியும் தங்கள் பதவி உயர்வும் ஒன்றுக்கொன்று தொந்தரவு கொடுக்காமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் பொதுவாகத் திருப்திகரமாக இருக்கிறோம். இந்த வார்த்தை என் சொந்தச் சரக்கு இல்லை. தங்கள் அலுவலக அறிக்கையிலிருந்து கடன் வாங்கியது.

போதும் அண்ணா. இந்தத் 'தாங்கள்' எல்லாம் எனக்கு ஒரு பத்திக்கு மேல் தாங்காது. நீ நிதி அமைச்சகத்தில் எவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாலும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் என் சாக்லேட்டை வாங்கி "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லி, வீடு வருவதற்குள் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தவன்தானே நீ? அழுதால் என்ன சொல்வாய்? "நான் ஒரேயடியா சாப்பிடலடி, படிப்படியாத்தான் கொறஞ்சுச்சு." அதனால்தான் போன வாரம் பேப்பரைப் பிரித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. 'குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம்: மத்திய பட்ஜெட்டில் அடுத்த மூன்றாண்டு நிதி நிலவரம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே உன் பிரிவின் பெயர். அதற்கும் கீழே: 'குடியிருப்புகளின் நிலை பொதுவாகத் திருப்திகரமாக இருப்பதால், பராமரிப்பு நிதியைப் படிப்படியாகக் குறைக்கலாம்.' யார் எழுதியது என்று கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. நாட்டின் சாக்லேட்டே இப்போது உன் பையில் பத்திரமாக இருக்கிறது. சந்தோஷம்.

உடனே போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏய், அது சும்மா உக்காந்து எழுதினது இல்ல. வீடு வீடா சர்வே எடுத்து எழுதினது. அதுவும் போக, நானே உன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போனேனே, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்காங்க. எனக்கு மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்." வைத்துவிட்டாய். பாராட்டைக் காதில் வாங்கிக்கொண்டு நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் சொல்ல விடாததை இப்போது எழுதுகிறேன். மீட்டிங்கில் இருந்தால் மேசைக்கு அடியில் வைத்துப் படி.

நீ வந்த அன்று கூடத்தில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம் மாட்டியிருந்தேனே, "தத்ரூபமா இருக்கு" என்று நீகூட மெச்சினாயே, அது தத்ரூபமாக இல்லாமல் எப்படி இருக்கும்? படத்துக்குப் பின்னால் இருந்ததும் நீர்வீழ்ச்சிதான். சோபா ஏன் கதவுக்குக் குறுக்கே கிடக்கிறது என்று கேட்டாய், "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றேன்; சோபாவுக்கு அடியில் தரை ஓடு இரண்டு பெயர்ந்து கிடந்தது. மூலையில் இருந்த செடியைத் தடவிப் பார்த்து, "நீ செடிக்குத் தண்ணி ஊத்தி நான் பாத்ததே இல்ல, இது எப்படி இவ்வளவு செழிப்பா வளருது?" என்று கேட்டாய். கூரை ஊத்துது அண்ணா என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "காத்து நல்லா வருது" என்றேன். உன்னைப் படுக்க வைத்தது இந்த வீட்டில் ஈரமில்லாத ஒரே அறையில். நாங்கள் நாலு பேரும் மற்ற அறையில் தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி அடுக்கிக்கொண்டு படுத்தோம். நீ இருந்த இரண்டு நாளும் வானமும் வாயை மூடிக்கொண்டது. நீ ரயில் ஏறியதும் கொட்டித் தீர்த்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே, "லிஃப்ட் ஏன் ஓடல, மாப்பிள்ளையே லிஃப்ட் மெக்கானிக்தானே?" என்று கேட்டாய். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற உன் மாப்பிள்ளை இந்தக் கட்டடத்து லிஃப்டில் ஒரு திருகாணியைத் தொட்டால் குற்றம். இதன் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி பராமரிப்பு நிதி வந்தால் வரும். நிதி நீ விட்டால் வரும். அவர் தினமும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செத்த லிஃப்டுக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சிரைக்கப் படியேறி வருகிறார். நீ இதையெல்லாம் கேட்டபோது அவர் சொன்னது: "அதெல்லாம் ஓடும் மச்சான், இன்னிக்குத்தான் லீவு."

சரி, அண்ணன் வந்தால் தங்கை வீட்டை ஒழுங்குபண்ணி வைப்பது உலக வழக்கம், சர்வே அப்படியா என்று நீ கேட்பாய். சர்வேயின் லட்சணத்தைக் கேள். ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் பொருளாதாரம் படித்தவள் அல்லவா, சும்மா இருப்பேனா? எல்லோரையும் மாடிப்படியில் கூட்டிவைத்து, "உள்ளத உள்ளபடி காட்டுங்க, இதுல நாம காட்டுறத வெச்சுத்தான் பட்ஜெட்டே போடுவாங்க" என்று சொற்பொழிவு ஆற்றினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் கட்டடம் முழுக்க பெயின்ட் வாசனை. கீழ்வீட்டுத் தையல்காரக்கா ஏணி போட்டு சுவரைப் பூசிக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா இது?"

"பின்ன என்ன? முன்னப்பின்ன தெரியாத மனுஷன் வீட்டுக்குள்ள வர்றாரு. இந்தச் சுவத்தப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

"அக்கா, அந்தச் சுவத்தப் பாக்கத்தான் அவரே வர்றாரு!"

"பாக்கட்டுமே. யாரு வேணாங்கறா? சுத்தமா பாக்கட்டும்."

மாடியேறி வந்தால் எதிர்வீட்டு பஸ் டிரைவர் திரைச்சீலைக்கு இஸ்திரி போடுகிறார். அதை என் மாமியார் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். அதோடு முடிந்தது என் பொருளாதாரம். "அந்த வீடு பளபளன்னு இருக்கு, நம்ம வீடு மட்டும் அழுது வடியணுமா?" என்றார். அழுது வடிந்தால்தான் அத்தை காசு வரும் என்றேன். "காசு வரும். போன மானம் வருமா?" என்று கேட்டார். இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. உன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் அன்றைக்கென்று சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சர்வே எடுக்க வந்தவர் ஒல்லியாக, பாவமாக, கையில் ஒரு டேப்லெட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "கூரை ஒழுகுதாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "மழை பேஞ்சா எந்த வீட்டுலதான் தம்பி ஒழுகாது? நீங்க மொதல்ல உக்காருங்க" என்றார். அவர் எதையோ தட்டினார். "சுவத்துல ஈரம்?" "வெயில் காலத்துல பாருங்க, குளுகுளுன்னு இருக்கும்." மறுபடி தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'வெப்பத் தடுப்பு: நன்று' என்று விழுந்திருக்கிறது! இதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று, "சார், அந்தப் படத்துக்குப் பின்னாடி கொஞ்சம்..." என்று எழுந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "அக்கா, சின்னக் குழந்தைய வெச்சுக்கிட்டு வீட்ட எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க. இந்தக் கட்டடத்துலயே உங்க வீடுதான் முதல்" என்றாரே பார்க்கலாம். அண்ணா, ஒளிக்காமல் சொல்கிறேன். சுண்டெலி பிறந்ததிலிருந்து நான் செய்த எதையும் யாரும் முதல் என்று சொன்னதில்லை. பால் ஆற்றினால் சூடு அதிகம், சட்டை போட்டால் இறுக்கம், தூங்க வைத்தால் நேரம் தப்பு. அந்தச் சர்வேக்காரப் பிள்ளை 'முதல்' என்றதும் எனக்கு முதுகெலும்பு உருகிவிட்டது. "இன்னொரு டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த இரண்டாவது டீதான் உன் அறிக்கையில் 'திருப்திகரம்' என்று வந்திருக்கிறது. கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் இதே டீதான். உங்கள் அட்டவணையில் ஏறியிருப்பது மாமியார்களின் மானம். அதற்கு நீங்கள் போட்ட மதிப்பெண் மிகவும் சரி, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனிமேல் எழுதுவதில் கிண்டல் இல்லை, கிண்டல் வந்தால் அது என் பேனாவின் பழக்கதோஷம். சுண்டெலிக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் விசில் சத்தம். படுத்தால் கூடுகிறது. "அம்மா, எனக்குள்ள குருவி கத்துது, அதுக்குப் பசிக்குதா?" என்று கேட்கிறாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல ஈரச்சுவர் இருக்கா?" என்றார். என் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "சேச்சே, நல்ல வீடு டாக்டர். சர்வேக்காரரே சொல்லிட்டுப் போனாரு." டாக்டர் தலையணையை மாற்றச் சொல்லி எழுதப் போனார். அப்போதுதான் நான், "இருக்கு டாக்டர். சுவர் முழுக்க இருக்கு" என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. அவர் பேனாவை மூடி, "மருந்து நான் எழுதித் தர்றேன்மா. ஆனா அந்தச் சுவர் காயாம இது நிக்காது" என்றார்.

நேராகக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க கட்டடம் திருப்திகரம்னு இருக்கே மேடம், இதுல எப்படி ரிப்பேர் எழுத முடியும்?" என்றார். திருப்தி இல்லை என்று மாற்றுங்கள் என்றேன். "மாத்தினாலும் நிதி வேணுமே. அதுவும் கொறைக்கப் போறாங்களாம். தலைநகரத்துல கேக்கணும்." தலைநகரத்தில் யாரை என்றேன். அறிக்கையைப் புரட்டி உன் பிரிவைக் காட்டினார். அது என் அண்ணன் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "அப்புறம் உங்களுக்கென்ன மேடம் கவலை!" பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னை அப்படிப் பொறாமையோடு பார்த்தார்கள். நானும் பெருமையோடு வெளியே வந்தேன். மழையில் நனைந்துகொண்டு வீடு வந்து, இன்னும் நனைந்தேன்.

வேறு வீடு பார்க்கலாமே என்று அண்ணி சொல்வார். பார்த்தோம். வெளியே கேட்கிற வாடகைக்கு உன் மாப்பிள்ளை நாலு ஊர் லிஃப்டை ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். எங்களுக்கு இந்தக் கூரைதான், ஒழுகினாலும்.

அறிக்கைக்குத் திருத்தம் இந்த மாதக் கடைசி வரை ஏற்பார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது. அந்த வரியை நிறுத்தி வை அண்ணா. மறுபடி ஒரு சர்வே எடுக்கச் சொல். ஆனால் நோட்டீஸ் ஒட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல், நல்ல மழை நாளாகப் பார்த்து அனுப்பு. யாரையும் பாராட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பு. முடிந்தால் நீயே வா. எதையும் மறைக்க மாட்டேன். படத்தைக் கழற்றி வைக்கிறேன், சோபாவை நகர்த்துகிறேன், உன்னை ஈர அறையிலேயே படுக்க வைக்கிறேன், சுண்டெலியின் நெஞ்சில் காது வைத்து அந்தக் குருவியை நீயே கேள். அதுவரை நீ நம்புவதற்காகச் சுவரை மூன்று ஃபோட்டோ எடுத்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். மேலதிகாரியிடம் அப்படியே காட்டு. நான் வெட்கப்பட்டதெல்லாம் போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். உனக்குப் பதவி மேலும் மேலும் உயரட்டும், லிஃப்ட் இருக்கிற கட்டடமாகப் பார்த்து. உன் இடுப்பு வலி மட்டும் படிப்படியாகக் குறையட்டும்.

இப்படிக்கு,
பொதுவாகத் திருப்திகரமான உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அந்த ஃபோட்டோக்களை இன்னொரு தடவை பார்த்தேன். ஐயோ அண்ணா, சுவர் மட்டுமா தெரிகிறது, மூலையில் மடிக்காத துணி மூட்டை, பக்கத்தில் கழுவாத பால் பாட்டில்! இதை உன் ஆபீஸில் நாலு பேர் கையில் கொடுத்தால் உன் தங்கையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதனால் மூன்றையும் எடுத்துவிட்டேன். பதிலுக்குச் சுண்டெலி கூடத்தில் நிற்கிற படம் ஒன்று வைத்திருக்கிறேன். சிரித்த முகமாக நன்றாக வந்திருக்கிறாள். பின்னால் தெரிவது புதுப் படம், கடல். ஈரம் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெளியே வந்துவிட்டதால் பெரிதாக வாங்க வேண்டியதாயிற்று. மேலே சொல்லாமல் கொள்ளாமல் வா என்று எழுதியிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டு வா, அண்ணியும் வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால். சுண்டெலி எழுந்துவிட்டாள், குருவி கத்துகிறது. சீக்கிரம் பதில் போடு அண்ணா.