முன் வரிசையில் உட்காரும் வேலை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாடப்போவது என் மனைவி சுகந்தி. திருவேற்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அவள் தனியாக மேடையேறிப் பாடும் முதல் முழுக் கச்சேரி அது. அம்பத்தூரில் ஒரு சிறிய சபா. மதியம் இரண்டு மணி. அனுமதி இலவசம்.

மதியம் இரண்டு மணிக்கு அம்பத்தூரில் இலவசமாக நடக்கிற எதற்கும் கூட்டம் வராது. இது சபா செயலாளருக்கும் தெரியும். போனில் சொன்னார்.

"நன்னா பாடறா, அதுல சந்தேகமே இல்ல சார். ஆனா போன மாசம் ஒரு பொண்ணு பாடித்து. ஹால்ல நானும் மைக்செட்காரரும்தான். மைக்செட்காரர் கூலிக்கு வந்தவர். உங்காத்துல பாடறச்சே ஹால் ரொம்பித்துன்னா, அடுத்த வருஷம் சாயங்காலம் ஆறு மணி தரேன். இல்லேன்னா, பாத்துக்கலாம்."

'பாத்துக்கலாம்' என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். சுகந்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே காத்திருக்கும் ஆறு மணி அது.

"கூட்டத்த நான் பாத்துக்கறேன்" என்று சுகந்தியிடம் சொன்னேன்.

"நீங்க எதையும் பாத்துக்க வேணாம். முன் வரிசைல வந்து உக்காந்தா போதும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் சிறிய தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். லேத் பிரிவின் மேற்பார்வை பூந்தமல்லி பஷீர் பாயுடையது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார், இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீறீங்க? அண்ணி பாட்டுக்கு நாங்க வரமாட்டோமா? வேன் வெச்சி எல்லாரையும் இட்டாறேன்."

"பாய், இது சினிமா பாட்டு இல்ல."

"தெரியும் சார். மெதுவா வர்ற பாட்டு."

சொன்னபடி வந்தார்கள். குமார் என்பவரின் ஷேர் வேன் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் இரண்டு நடை அடித்தது. லேத், பேக்கிங், பெயின்ட் என்று மொத்தப் பிரிவும், பாயின் சம்சாரமும், இறங்கின கையோடு டிரைவர் குமாரும். பேக்கிங் ரோஸ்லின் ஆவடியில் ஞாயிறு ஆராதனையை முடித்துவிட்டு அதே பட்டுப்புடவையோடு ரயிலேறி வந்துவிட்டார்.

செயலாளர் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

உள்ளே போகும் முன் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், எப்போ கை தட்டணும்?"

"நடுவுல தண்ணி குடிக்கலாமா?"

"நல்லாருந்தா விசிலடிக்கலாமா சார்?" இது குமார்.

அப்போது மேடையோரம் மிருதங்கக்காரர் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய வித்வான். சுகந்தியின் ஆசிரியை கேட்டுக்கொண்டதற்காக ஒப்புக்கொண்டவர். கோபக்காரர் என்று பெயர். மிருதங்கத்துக்கென்று நேரம் ஒதுக்கும் தனி ஆவர்த்தனத்தின்போதுதான் சபாக்களில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். அது வழக்கம். ஒருமுறை அப்படிப் போனபோது இவர் வாசிப்பை நிறுத்தி, மைக்கை இழுத்து, "நீங்கள்லாம் சாப்ட்டுட்டு வாங்கோ, நான் இருக்கேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பாடகி மேடையிலேயே அழுதாராம். சுகந்தி இந்தக் கதையை அந்த வாரம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனவே நான் கண்டிப்பான குரலில் சொன்னேன்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க. நான் என்ன பண்றேனோ அதையே பண்ணுங்க."

பஷீர் பாய் எல்லோர் பக்கமும் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? சார்தான் ஃபர்ஸ்ட் பீஸ்! அண்ணி மானம் நம்ம கையில கீது."

இதை விளக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் மெஷினை ஓட்டவிடும் முன் ஒரே ஒரு உருப்படி செய்வார்கள். நான் அளந்து பார்த்து 'சரி' என்றால் மீதியெல்லாம் அதே மாதிரி வந்து விழும். முதல் உருப்படி கோணலாக இருந்தால் அன்றைய சரக்கு முழுவதும் கோணல். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்று யோசிக்கவில்லை.

கச்சேரி தொடங்கியது. வர்ணம் முடிந்ததும் கை தட்டினேன். என் பின்னால் கூரை அதிர்ந்தது. செயலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சுகந்தியின் தோள்கள் இறங்கின. அவளுக்குப் பயம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு இடத்தில் நன்றாக இருந்தது, தலையாட்டினேன். வயலின்காரர் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். ஏன் என்று புரியவில்லை.

பிறகு கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அம்பத்தூர்க் கொசுவுக்கு மதியம், ராத்திரி கிடையாது. படாரென்று அடித்தேன்.

பின்னால் படபடவென்று பல கழுத்துகளில் அடி விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசையும் கழுத்தில் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பஷீர் பாய் கட்டைவிரலை உயர்த்தினார். "கரெக்டா போய்கினு கீது சார்."

இனி அசையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சுகந்தி பிரதானமான பாட்டுக்கு ஆலாபனையை எடுத்தாள். வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டிருந்ததை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். மேலே ஒரு ஸ்வரத்தில் போய் நின்றாள். இறங்குவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பக்கத்தில் ரோஸ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பெண்ணிடம் நான் சாம்பாரில் உப்பைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

அந்த உணர்ச்சிவேகத்தில் பாட்டு தொடங்கியதும் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஆதி தாளம் ஒன்றுதான். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை. எட்டு எண்ணிக்கை. சுகந்தி பாடியது மிஸ்ர சாபு. ஏழு எண்ணிக்கை.

என் தொடையில் எட்டு. எனக்குப் பின்னால் இரண்டு வரிசைத் தொடைகளிலும் எட்டு. மேடையில் ஏழு.

"சார்," ரோஸ்லின் காதோரம் கேட்டார், "கை வலிக்குது. இடது கைல போடலாமா?"

தலை நிமிர்ந்து பார்த்தேன். மிருதங்கக்காரர் எங்கள் வரிசையை ஒரு முறை முறைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டாள். பின் வரிசையில் ஒரு பெரியவர், "ஆஹா, என்ன பக்தி!" என்றார்.

கைகளைத் தொடைக்குக் கீழே செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் தங்கள் கைகள்மேல் உட்கார்ந்தார்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியது.

இனி கொஞ்ச நேரம்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக.

பக்கவாட்டுக் கதவில் செயலாளர் தோன்றி என்னைக் கூப்பிட்டார். இரண்டு கைகளாலும் காற்றில் ஸ்டியரிங் சுற்றினார். பிறகு வெளியே காட்டித் தலையில் கை வைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது. குமார் வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். அடுத்த கச்சேரி பாடகியின் கார் உள்ளே வர முடியாமல் தெருவில் நிற்கிறது.

குமார் இரண்டாவது வரிசைக் கோடியில் கை மேல் உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் அனுப்பினால் போதும். மெதுவாக ஒரு கையை உருவி அவரைச் சுட்டிக்காட்டினேன்.

எல்லோரும் குமாரைச் சுட்டிக்காட்டினார்கள்.

குமாரும் தன்னைத்தானே சுட்டிக்காட்டிக்கொண்டார்.

"வேன்!" என்று வாயசைத்தேன். இரண்டு வரிசையும் 'வேன்' என்று வாயசைத்தது.

செயலாளர் கதவருகே குதிக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லை. குமாரின் காதில் நேராகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று பூனை மாதிரி எழுந்தேன்.

சபாக்களின் மடக்கு நாற்காலிகள் ஒரே சமயத்தில் விடுவிக்கப்பட்டால் என்ன சத்தம் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு வரிசையும் எழுந்து நின்றது. பின்னாலிருந்த நாலைந்து பெரியவர்களுக்கு மேடை மறைத்தது. அவர்களும் எழுந்துவிட்டார்கள். ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் மேடையில் இருந்த மூன்று பேர் மட்டும்.

மிருதங்கக்காரர் நிமிர்ந்தார்.

சுகந்தி கண்ணைத் திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் தாளம் போடும் கை நிற்கவில்லை. ஏழு, ஏழு என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்காகவே ஆறு மணி கொடுக்கலாம்.

நான் யோசித்தேன். உட்கார்ந்தால் இந்த நாற்காலிச் சத்தம் இன்னொரு முறை வரும். வெளியே போனால் மொத்தக் கூட்டமும் வெளியே வரும், மிருதங்கக்காரர் மைக்கை இழுப்பார். என்ன செய்வதென்று தெரியாமல், மாட்டிக்கொண்டவன் செய்கிற மாதிரி, அவரைப் பார்த்துக் கைகூப்பினேன்.

ஹால் முழுவதும் கைகூப்பியது.

மிருதங்கக்காரர் எங்களையே பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சுகந்தி பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் தனியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நின்றோம். கைகூப்பியபடியே நின்றோம். பாயின் சம்சாரம் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். அடுத்த பாடகி தெருவிலிருந்து நடந்தே, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக உள்ளே வந்தார். ஹால் இருந்த நிலையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் கைகூப்பி நின்றார்.

ஒரு வழியாக மிருதங்கக்காரர் தனியை முடித்தார். கைத்தட்டல் நிற்கவே இல்லை, ஏனென்றால் நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. செயலாளர் மணிக்கட்டைத் தட்டிக்காட்ட, சுகந்தி நேராக மங்களத்துக்குப் போனாள். கடைசியில் பாடுவதற்காக மாதக்கணக்கில் சமையலறையில் பழகி வைத்திருந்த சின்னப் பாட்டுகளில் ஒன்றைக்கூடப் பாடவில்லை.

மிருதங்கக்காரர் மேடையிலிருந்து இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தனிக்கு எழுந்து போனவாளத்தான் இத்தன வருஷமாப் பாத்திருக்கேன். எழுந்து நின்னவாள இன்னிக்குத்தான் பாக்கறேன். தப்பா நெனச்சுக்காதேள், மொதல்ல நீங்க தாளம் போட்டதப் பாத்து உங்கள ஒரு ஞானசூன்யம்னு நெனச்சுட்டேன்."

"பரவாயில்ல சார்" என்றேன்.

"நைனா, சூப்பர் வாசிப்பு!" என்று குமார் அவரிடம் சொல்லிவிட்டு, அப்போதுதான் வேனை எடுக்கப் போனார்.

செயலாளர் சுகந்தியிடம் வந்தார். "அடுத்த வருஷம் ஆறு மணி உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. இந்தக் கூட்டம் மொத்தமும் வரணும்."

வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் நானே ஆரம்பித்தேன்.

"ஆறு மணி கெடச்சிடுச்சு."

"ம்."

"கோவமா?"

"மிஸ்ர சாபுக்கு ஆதி போட்டீங்க."

"ஆமா."

"பாய் சம்சாரம் வரைக்கும் ஆதி போட்டாங்க."

முகத்தை வெளிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று ஆட்டோ சத்தத்தில் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. வீடு வந்து இறங்கும்போது சொன்னாள்.

"அடுத்த வருஷம் எல்லாரும் வரட்டும். நல்ல ஜனங்க. நீங்க மட்டும் வீட்ல இருங்க."

திங்கட்கிழமை காலை லேத் பக்கம் போய் பஷீர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்பட்டார். மெஷினையே நிறுத்திவிட்டார்.

"இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? அப்போ நாங்க யாரப் பாத்து எயுந்து நிக்கறது?"